கேளாமல் பெற்ற கொடை

பகுத்தறிவாளர் கூடும் இடங்களில் ஒரு வாதம் அவ்வப்போது தலைகாட்டும். விஞ்ஞானத்தின் குறையை நாமே எடுத்துரைக்கலாமா? எடுத்துரைத்தால், தீர்த்தம் தந்து நோய் தீர்ப்பதாகக் கூறும் திருக்கூட்டம் கைகொட்டிச் சிரிக்குமே! ஆகவே மூடி வைப்போம் என்பர் நண்பர் சிலர். மூடி வைப்பது கருவறைக்குப் பழகிய வேலை. ஆய்வுக்கூடத்துக்கு அது அடுக்குமா?

அமெரிக்க நாட்டின் பால்டிமோர் நகரில், ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக் கழகத்தில், டாக்டர் ஜார்ஜ் கெய் என்பார் ஓர் ஆய்வுக்கூடம் நடத்தி வந்தார். நோயுற்ற மனிதத் திசுவை உடலுக்கு வெளியே, கண்ணாடிக் குழாயில், உயிரோடு வளர்க்க வேண்டும். வளர்த்தால் புற்றுநோயின் போக்கைக் கண்ணெதிரே ஆராயலாம் என்பது அவர் நோக்கம். அவரும் துணைவியார் மார்கரெட்டும் ஆண்டுக்கணக்கில் பாடுபட்டனர். கோழி இரத்தத்தின் நீரையும் தொப்புள்கொடி இரத்தத்தையும் கலந்து அணுக்களுக்கு ஊட்டினர். அணுக்கள் மடிந்தன, மீண்டும் முயன்றனர், மீண்டும் மடிந்தன.

1951-ல் ஹென்ரியெட்டா லாக்ஸ் என்ற கறுப்பினப் பெண், வயது 30, ஐந்து குழந்தைகளின் தாய், புகையிலை வயலில் உழைத்து வளர்ந்தவர், கருப்பை வாய்ப் புற்றுநோயோடு அந்த மருத்துவமனைக்கு வந்தார். கறுப்பருக்கென ஒதுக்கிய வார்டிலே படுக்கை. ரேடியச் சிகிச்சையின்போது கட்டியிலிருந்து சிறு துண்டு ஒன்று வெட்டப்பட்டு, கெய்யின் கூடத்துக்குச் சென்றது. அவரை ஒருவரும் கேட்கவில்லை.

அந்த அணுக்கள் மடியவில்லை! ஏறத்தாழ நாளுக்கொரு முறை இரட்டித்தன. பெயரின் முதலெழுத்துக்களைக் கோத்து ‘ஹீலா’ என்று குழாயில் எழுதினர். அந்த ஆண்டு அக்டோபர் 4-ஆம் நாள் அம்மையார் இறந்தார். அணுக்கள் உலகெங்கும் சென்றன. அவருடைய கல்லறைக்கோ 2010 வரை ஒரு பெயர்க்கல்லும் இல்லை.

பயன் சிறிதா? இளம்பிள்ளை வாதத் தடுப்பூசியை 1954-ல் பெருமளவில் சோதித்தபோது, அச்சோதனைக்கு இந்த அணுக்களே கைகொடுத்தன. அவற்றை மலைபோல் வளர்த்து அனுப்பியது அலபாமாவின் டஸ்கீகி நிலையம், வளர்த்தவர்களும் கறுப்பினத்தாரே. பின்னர் ஹரால்டு சூர் ஹவுசன் என்ற ஜெர்மானிய அறிஞர், கருப்பை வாய்ப் புற்றுநோய்க்கு வித்திடும் வைரசை இதே அணுக்களுக்குள்ளும் கண்டார். 2008-ல் நோபல் பரிசு பெற்றார். இன்று அந்நோய்க்குத் தடுப்பூசி உண்டு.

இவ்வளவு நன்மை விளைந்தபின் கேட்டால் என்ன, கேளாவிட்டால் என்ன என்று வினவுவோர் உளர். எப்படியும் எறியப்படும் துண்டுதானே, அவருக்கு என்ன நட்டம்? அந்நாளில் கேட்க வேண்டுமெனச் சட்டமும் இல்லை, வழக்கமும் இல்லையே! உண்மைதான். கெய் அந்த அணுக்களை விற்றுப் பொருள் சேர்த்தவரும் அல்லர். கேட்ட ஆய்வாளருக்கெல்லாம் இலவசமாக வழங்கினார். அவரைக் கொடியவராகச் சித்திரிப்பது எளிது, பொய்யும்கூட.

ஆனால் அந்த வழக்கம் எதன்மேல் நின்றது? இலவச வார்டில் படுத்தவர் இலவசமாக ஆராய்ச்சிக்குப் பயன்படுவது முறைதானே என்ற எண்ணத்தின்மேல் நின்றது. தருமத்திற்கும் வாடகை வசூலித்தார்கள்! ஏழை செய்துகொண்ட ஒப்பந்தம் இது என்றார்கள். ஒப்பந்தத்தில் ஏழையின் கையெழுத்து மட்டும் இல்லை. ‘உன்னைக் கேட்க வேண்டியதில்லை’ என்ற சொல்லைத் தலைமுறை தலைமுறையாகக் கேட்டு வளர்ந்த நமக்கு, அந்த வழக்கத்தின் வயதும் வம்சமும் தெரியாதா?

நட்டம் என்ன என்பதற்கு விடை கெய்யின் வாழ்விலேயே இருக்கிறது. 1970-ல் அவருக்கே கணையத்தில் புற்றுநோய் கண்டது. அறுவை செய்யும்போது தம் கட்டியிலிருந்து துண்டெடுத்து வளர்க்க வேண்டும் என்று தாமே சொல்லி வைத்தார். வெட்டினால் உயிருக்கு ஆபத்து என்று மருத்துவர்கள் எடுக்கவில்லை; கண்விழித்ததும் அவர் சினந்தார். என்ன பெருந்தன்மை! அந்தப் பெருந்தன்மையைக் காட்டும் வாய்ப்பு அவருக்கு இருந்தது. ஹென்ரியெட்டாவுக்கு அது இல்லை. கேட்டிருந்தால் அவரும் மகிழ்ந்து தந்திருக்கலாம், மறுத்துமிருக்கலாம். உடற்கொடைப் பத்திரத்தில் ஒப்பமிடும் நம் தோழர்கள் இந்த வேறுபாட்டை அறிவார்கள். அவர்கள் கொடுக்கிறார்கள், அவரிடமிருந்து எடுத்தார்கள்.

குடும்பத்தாருக்கு இந்தச் செய்தி எட்ட இருபது ஆண்டுகளுக்கு மேலாயிற்று. அதுவும் எப்படி? அவர்களுடைய இரத்தமும் ஆராய்ச்சிக்கு வேண்டியிருந்தபோது!

கேட்கத் தொடங்கினால் ஆராய்ச்சி நின்றுவிடும் என்ற அச்சம் இன்றும் சிலருக்கு உண்டு. 2013-ல் ஹீலா அணுவின் மரபுக் குறிப்பு முழுவதையும் அறிஞர் சிலர் குடும்பத்தைக் கேளாமலே வெளியிட்டனர். எதிர்ப்பு எழுந்தது, வெளியிட்டவர்களே அதைத் திரும்பப் பெற்றனர். அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனம் குடும்பத்தாரோடு பேசி ஓர் ஏற்பாடு கண்டது. அந்தக் குறிப்பைப் பயன்படுத்த விரும்பும் ஆய்வாளர் விண்ணப்பிக்க வேண்டும். விண்ணப்பத்தைப் பார்க்கும் குழுவில் லாக்ஸ் குடும்பத்தார் இருவருக்கு இடம் தரப்பட்டது. விண்ணப்பங்கள் வந்தன; குழு பார்த்தது; அனுமதி வழங்கிற்று; ஆய்வு நடந்தது.