பசுவுக்குப் புல் எங்கே?



சேய்ஞலூர் விசாரசருமரின் வரலாறு நாம் அனைவரும் அறிந்ததே. பசுவை இடையன் ஒருவன் அடிக்கக் கண்டு பொறாமல், ஊர்ப் பசுக்களைத் தாமே மேய்க்கத் தொடங்கிய அந்தச் சிறுவரே பின்னர் சண்டேசுர நாயனார் ஆனார். மண்ணியாற்று மணலில் இலிங்கம், பாலாபிஷேகம், தந்தையின் காலைத் தடிந்தது ஆகியவற்றையே பிரசங்கங்களில் கேட்கிறோம். அவர் மேய்த்த விதத்தை விட்டுவிடுகிறோம். சேக்கிழார் பெருமானோ அதை விடவில்லை. பசும்புல் உள்ள காலமறிந்து மேய்த்தாராம். கையால் புல் பறித்தும் ஊட்டினாராம். நல்ல துறையில் நீர் காட்டி, நிழலில் இருத்தி, பால் கறக்கும் நேரம் தவறாமல் வீடு சேர்த்தாராம்.

சூலே பகோடாவைச் சுற்றி வண்டிகள் ஓடும் நம் கியாக்டடாவில் மேய்ச்சலைப் பற்றி என்ன பேச்சு என்று தோன்றலாம். ஊரிலிருந்து கோதானம் கேட்டுக் கடிதம் வந்தால் மகிழ்ந்து பணம் அனுப்புகிறோமே, அந்தப் பசு எங்கே மேயும்?

முன்னோர் ஊர்களில் மேய்க்கால் புறம்போக்கு என்று பொதுநிலம் ஒதுக்கியிருந்தார்கள். பல ஊர்களில் அது கட்டடமாகிவிட்டது. ஆக்கிரமித்த பொதுநிலங்களை மீட்கும்படி இந்திய உச்சநீதிமன்றம் 2011-இல் மாநிலங்களுக்கு உத்தரவிட்டது. ஊரில் புல் இல்லாவிட்டால் மாடு காட்டுக்குத்தான் போகும். அளவு மீறினால் கன்றுச் செடிகள் மிதிபடும். குளம்பு பட்டு மண் இறுகி மழைநீர் உள்ளே இறங்காமல் ஓடிவிடும். கோமாரி நோய் காட்டு விலங்குகளுக்கும் தொற்றும்.

2022 மார்ச்சில் சென்னை உயர்நீதிமன்றம் தமிழகக் காடுகள் அனைத்திலும் மேய்ச்சலைத் தடுத்தது. அதே மாதத்தில் அதைப் புலிகள் காப்பகம், சரணாலயம், தேசியப் பூங்கா என்ற அளவில் குறைத்தது. ஈரோடு மாவட்டத்துப் பர்கூர் மலையில் செந்நிறத்தில் வெள்ளைத் திட்டுள்ள மலைமாடுகளைக் காட்டுப் பட்டிகளில் வளர்ப்பவர்கள் உண்டு. 2024-இல் அவ்வட்டாரத்தில் தந்தை பெரியார் வனவிலங்கு சரணாலயம் அறிவிக்கப்பட்டபோது அவர்கள் கலங்கினார்கள். 2006 வன உரிமைச் சட்டம் மேய்ச்சல் உரிமையையும் ஏற்கிறதே என்பது அவர்கள் வாதம். அதைத் தள்ள நமக்கு மனம் வரவில்லை. காடும் வேண்டும், பட்டியும் வேண்டும் என்றால், இத்தனை தலை, இந்தப் பருவம் என்று அந்த ஊராரோடு உட்கார்ந்து வரையறுப்பதே வழி என்று நமக்குப் படுகிறது.

அடுத்த கடிதம் வரும்போது, கோசாலையில் இப்போது எத்தனை பசுக்கள், மேய்க்கால் மிஞ்சியிருக்கிறதா என்று கேட்டு எழுதுவோம். இல்லையென்று பதில் வந்தால், பசுவின் விலையைத் தீவனப்புல் பயிரிட அனுப்புவோம். அமாவாசைக்கு ஒரு கட்டு அகத்திக்கீரை தருவதோடு பசுவின் பசி தீர்ந்துவிடுவதில்லையே!