குண்டு போடாத துப்பாக்கி

வேலப்பன்சாவடியில் காக்கிச் சீருடையோடு பஸ்ஸுக்கு நிற்கும் என்.சி.சி. மாணவர்களைப் பார்த்தால் எனக்குத் தனி மரியாதை. அவர்கள் கையில் கிடைக்கும் .22 ரைஃபிளில் நிஜக் குண்டு சுடும் வாய்ப்பு கொஞ்சம்தான். குண்டே இல்லாமல் பழகும் நேரம்தான் அதிகம். அந்த நேரத்தில்தான் கை படிகிறது.

முதலில் போல்ட்டைத் திறந்து, குண்டு நிற்கும் அறை காலிதானா என்று கண்ணால் பார்த்து, விரலாலும் தொட்டுப் பார்க்க வேண்டும். அந்தப் பக்கம் குண்டுப் பெட்டியே இருக்கக் கூடாது. பிறகு படுத்து, கட்டையில் கன்னம் பதித்து, மூச்சைப் பாதி விட்டு நிறுத்தி, விசையை இழுக்க வேண்டும். குழல் நுனியில் ஒரு நாணயத்தை வைப்பது பழைய வழக்கம். விசையை வெடுக்கென்று இழுத்தால் நாணயம் விழுந்துவிடும். மெதுவாக, ஒரே சீராக அழுத்தினால் நிற்கும்.

ஒரு எச்சரிக்கை. .22 குண்டில் துப்பாக்கியின் சுடும் ஊசி அடிப்பது விளிம்பில். அறை வெறுமையாக இருந்தால் ஊசி இரும்பிலேயே மோதக்கூடும். எனவே அதற்கென உள்ள போலிக் குண்டைப் போட்டுப் பழகுவதே நல்லது.

2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஸ்வப்னில் குசாலே வெண்கலம் வென்ற 50 மீட்டர் ரைஃபிள் போட்டியின் தகுதிச் சுற்றில் மண்டியிட்டு 20, படுத்து 20, நின்று 20 என 60 குண்டுகள். ஒவ்வொன்றுக்கும் போல்ட்டைத் திறந்து மூடியாக வேண்டும், உடம்பின் நிலை கலையாமல். அந்தப் பழக்கத்தைக் குண்டு செலவழித்துத்தான் பெற வேண்டும் என்பதில்லை.