உழைப்பவனுக்கு விளையாட்டு எதற்கு?

“பொழுது புலர்ந்தது முதல் எலும்பு முறியப் பாடுபடுகிறவனுக்கு விளையாட்டு எதற்கு? அப்பாடே அவனுக்குத் தேகப்பயிற்சி அன்றோ?” என்பார் நம்மிடையே பலர். நாற்காலியில் அமர்ந்து கணக்கெழுதும் நம்மையொத்த கிராணிமாரே இதனை உரக்கக் கூறுவது வேடிக்கையே.

அவர்களுக்குத் துணையாக ஒரு சான்றும் உண்டு. 1953ஆம் ஆண்டில் ஜெரிமி மோரிஸ் என்னும் பிரிட்டிஷ் மருத்துவர், லண்டன் மாநகரத்து இரட்டைத்தட்டுப் பேருந்துகளில் வேலை செய்வோரைப் பற்றிய ஆராய்ச்சியொன்றை வெளியிட்டார். நாள் முழுதும் உட்கார்ந்து வண்டியோட்டியவர்களைவிட, மாடிப்படி ஏறியிறங்கிச் சீட்டுக் கொடுத்த நடத்துநர்களிடம் இருதய நோய் குறைவாய் இருக்கக் கண்டார். “பார்த்தீரா, உழைப்பே போதும்!” என்று நண்பர் கூறலாம்.

சற்றுப் பொறுக்க வேண்டுகிறோம். நடத்துநர் ஏறினார், இறங்கினார், இடையிடையே நின்று மூச்சு வாங்கினார். செம்பனைத் தோட்டத் தொழிலாளியோ, நீண்ட கழியிற் பூட்டிய அரிவாளை ஏந்திக் கழுத்து நோக அண்ணாந்து குலையறுக்கிறார். 20 கிலோ எடையுள்ள குலைகளை ஒன்றன்பின் ஒன்றாய்க் குனிந்து தூக்குகிறார். களைத்த கணத்தில் ஓய அவருக்கு உரிமையில்லை. இத்தகைய கடும்பாடு, ஓய்வு வேளையின் ஆட்டம் தரும் நலத்தை இருதயத்துக்குத் தருவதில்லை என்றே பிற்கால ஆராய்ச்சிகள் பல காட்டுகின்றன. வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் மிதமான பயிற்சி வேண்டுமென உலகச் சுகாதார நிறுவனம் 2020இல் வகுத்த விதி, மேசையடியில் தொந்தி வளர்க்கும் நமக்கே முதலில் பொருந்தும்!

எனினும், உடல்நலம் மட்டுமே இங்கு வழக்கு அன்று. உழைப்பு பிறர் ஏவலால் நடப்பது; ஆட்டம் தன் விருப்பால் நடப்பது. காலையில் பெயர் கூப்பிடும்போது கைகட்டி நின்றவர், மாலையில் திடலிலே, “இப்பக்கம் தள்ளு!” என்று கட்டளையிடுகிறார், கிராணியின் மகனும் கீழ்ப்படிகிறான். எந்த ஜாதியார் உதைத்த பந்து என்று அங்கே எவரும் விசாரிப்பதில்லை. உழைப்பாளிக்குப் பாடே போதும் என்போர், அவருடைய தேகத்தை ஒரு கருவியென எண்ணுகிறார்கள். நுகத்தடியை அவிழ்த்தபின் மாட்டையும் சற்று மேய விடுகிறோமே!

இவ்வளவும் ஆண்மக்களைப் பற்றியதே. அண்ணன் பந்தெடுத்துப் புறப்படும் வேளையில், அவனைப் போலவே வேலைக்குச் சென்று திரும்பிய தங்கை அடுப்பு மூட்டுகிறாள். அவளும் திடலுக்கு வரட்டும், அந்த ஒரு மணி நேரம் உலையை நீங்கள் கவனியுங்கள் என்று கூறிப் பார்த்தோம். விளையாட்டின் பெருமையை ஓயாது பேசும் நண்பர்களும் உடனே பேச்சை மாற்றிவிடுகிறார்கள்.