வாசலில் நிற்பவரின் தர்மம்

கோயிலுக்குப் போகிறோம். கொடிமரத்தை வணங்கி, பலிபீடத்தைக் கடந்து, மகாமண்டபத்துக்குள் நுழைகிறோம். கண்கள் கருவறை தீபத்தைத் தேடுகின்றன. அதற்கு முன்னால், வாசலின் இருபுறமும் கதாயுதத்துடன் நிற்கும் இருவரை நம்மில் எத்தனை பேர் நின்று பார்க்கிறோம்?

அவர்கள்தான் துவாரபாலகர்கள். தஞ்சைப் பெரிய கோயிலில் அண்ணாந்து பார்க்கவேண்டிய உயரத்தில் நிற்கிறார்கள். உருட்டிய விழிகள், கோரைப்பற்கள்... பார்த்தாலே உள்ளம் ஒரு கணம் நடுங்கும். ஆனால், பல கோயில்களில் கவனித்திருப்பீர்கள். துவாரபாலகரின் ஒரு கை விரல் நீட்டி எச்சரிக்கும். இன்னொரு கை வியப்போடு விரிந்திருக்கும். ‘உள்ளே இருப்பவரின் பெருமையை என்னென்று சொல்வேன்!’ என்பது போல இருக்கும் அந்தக் கை.

இந்த இரண்டு கைகளைப் பற்றி என்னை யோசிக்க வைத்தவர் ஒரு காவலாளி.

மருத்துவமனை ஒன்றில் இரவுக் காவல் பார்ப்பவர் அவர். அறுபதைக் கடந்தவர். ஒருநாள் பேச்சுவாக்கில் சொன்னார்: “ஐயா, போன மாசம் ராத்திரி பதினோரு மணிக்கு ஒரு கிழவி வந்துச்சு. மகனைச் சேர்த்திருக்காங்கன்னு கடைசி பஸ்ஸைப் பிடிச்சு வந்திருக்கு. கையில பாஸ் இல்ல. நேரம் முடிஞ்சதுக்கு அப்புறம் யாரையும் விடக்கூடாதுங்கறது உத்தரவு. விடலை. விடியற வரைக்கும் எதிர்த் திண்ணையிலயே உட்கார்ந்திருந்துச்சு. பையன் நல்லபடியா பிழைச்சுட்டான். ஆனா அந்த முகம் எனக்கு மறக்க மாட்டேங்குது. நான் செஞ்சது சரிதானே? விட்டா என் வேலை போகும்!”

அவருக்கு உடனே பதில் சொல்ல எனக்கு நா எழவில்லை. புராணங்களைப் புரட்டினேன். அங்கே வாசல் காத்தவர்கள் பலர்.

வைகுண்டத்து வாசல்

சனகாதி முனிவர்கள் நால்வர். ஞானத்தில் முதிர்ந்தவர்கள், தோற்றத்திலோ ஐந்து வயதுக் குழந்தைகள். வைகுண்டத்தின் ஆறு வாசல்களைக் கடந்து ஏழாவது வாசலுக்கு வந்தவர்களை, ஜயனும் விஜயனும் கோலை நீட்டித் தடுத்தார்கள். சாபம் பெற்றார்கள். இரணியாட்சன் - இரணியகசிபு, ராவணன் - கும்பகர்ணன், சிசுபாலன் - தந்தவக்கிரன் என மூன்று பிறவிகள் எடுத்தார்கள்.

வாசலில் தடுப்பது காவலரின் வேலைதானே, அதில் என்ன தவறு? பாகவதம் சொல்லும் அடுத்த காட்சியில் பதில் இருக்கிறது. செய்தி அறிந்ததும் பெருமாள், மகாலட்சுமியுடன் தாமே நடந்து வாசலுக்கு வந்தார். பணியாளர் செய்த பிழை எஜமானனையே சேரும் என்று முனிவர்களிடம் தாழ்ந்து பேசினார்.

யோசித்துப் பாருங்கள். ‘முனிவர்கள் வந்திருக்கிறார்கள்’ என்று ஒரு வார்த்தை முன்னதாக உள்ளே போயிருந்தால்? அப்போதும் பெருமாள் இதே போல நடந்து வந்திருப்பார் அல்லவா! காவலர்கள் வந்தவரின் உருவத்தைப் பார்த்தார்கள். உள்ளே இருப்பவரின் உள்ளத்தை மறந்தார்கள்.

திருக்கோவலூர் அரண்மனை

‘அப்படியானால் இரக்கப்பட்டு எல்லோரையும் விட்டுவிடலாமா?’ என்று கேட்கலாம். கூடாது என்பதற்கும் கதை இருக்கிறது. சேதி நாட்டை ஆண்ட மெய்ப்பொருள் நாயனாரைப் போரில் வெல்ல முடியாத முத்தநாதன், திருநீறு பூசி, ஏட்டுச் சுவடிக்குள் கத்தியை மறைத்துக்கொண்டு வந்தான். அடியார் வேடத்துக்கு வாயில்கள் திறந்தன. கடைசி வாயிலில் நின்ற தத்தன் மட்டும், ‘அரசர் உறங்குகிறார், சமயம் பார்த்துச் செல்ல வேண்டும்’ என்றான். முத்தநாதன் அவனையும் மீறி உள்ளே போனான், மன்னரைக் குத்தினான்.

தத்தன் வாளோடு பாய்ந்தான். சாயும் மன்னர் தடுத்தார். ‘இவர் நம்மைச் சேர்ந்தவர், ஊர் எல்லை வரை பத்திரமாகக் கொண்டுபோய் விடு’ என்றார். தன் அரசனைக் கொன்றவனுக்கே காவலாக நடந்தான் தத்தன். வழிமறித்த மக்களிடம் அரசரின் ஆணையைச் சொல்லி விலக்கினான். திரும்பி வந்து, அவன் பத்திரமாகப் போய்ச் சேர்ந்த செய்தியைச் சொன்ன பிறகே மன்னரின் மனம் அமைதி பெற்றது.

உறையில் வாளைப் போட்ட அந்தக் கணம், வாளை உருவுவதைவிட எத்தனை கடினமாக இருந்திருக்கும்!

அயோத்தியின் கதவு

மூன்றாவது காவலர், லட்சுமணர். உத்தர காண்டத்தில், காலதேவன் முனிவர் வடிவில் ராமபிரானிடம் தனியாகப் பேச வருகிறான். அந்தப் பேச்சைக் கேட்பவருக்கும் பார்ப்பவருக்கும் மரணம் என்பது நிபந்தனை. வழக்கமான வாயில்காவலனை அனுப்பிவிட்டு, தம்பியையே நிறுத்துகிறார் ராமர்.

அந்த நேரத்தில் துர்வாசர் வந்தார். ‘உடனே ராமனிடம் அறிவி. இல்லையேல் நாட்டையும் உங்கள் வம்சத்தையும் சபிப்பேன்!’ என்றார். லட்சுமணர் எண்ணினார்... ‘எல்லோரும் அழிவதைவிட நான் ஒருவன் அழிவது மேல்.’ கதவைத் திறந்து உள்ளே போனார்.

கவனியுங்கள். அவர் துர்வாசரை உள்ளே விடவில்லை. செய்தியைத் தாமே சுமந்து சென்றார். அதற்கான விலையையும் தாமே ஏற்றார். ராமர் தம்பியைத் துறக்க நேர்ந்தபோது, ஒரு சாக்கும் சொல்லாமல் சரயு நதிக்கரைக்கு நடந்தார்.

மூன்று கதைகளையும் சேர்த்துப் பார்த்தபோது எனக்கு ஒன்று விளங்கியது. தடுப்பதற்கு மட்டும் என்றால் சுவரே போதும். வாசலில் ஒரு மனிதர் எதற்கு? வெளியே நிற்பவரின் செய்தியை உள்ளே கொண்டுபோவதற்காகத்தான்! பிரதோஷ வேளையில் நந்திதேவரின் காதில் நம் குறையைச் சொல்கிறோமே, ஏன்? காவல் இருப்பவர் எடுத்துச் சொல்வார் என்ற நம்பிக்கைதான்.

தனக்கு லாபம் தேடி விதியைத் தளர்த்துவது துரோகம். தனக்குத் தொந்தரவு வேண்டாம் என்று விதியின் பின்னே ஒளிந்துகொள்வதும் தர்மம் ஆகாது. தத்தன் ஆணையைக் காத்தான். லட்சுமணர் ஆணையை மீறினார். ஆனால் இருவருமே தங்களைக் கடைசியில் வைத்தார்கள். அதுதான் உரைகல்.

மறுவாரம் அந்தப் பெரியவரிடம் சொன்னேன்: “உத்தரவை மீறியிருக்க வேண்டாம். மாடிக்குப் போய் நர்ஸிடம், ‘இன்னாருடைய தாயார் வந்திருக்கிறார்’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!”

சற்று நேரம் பேசாமல் இருந்தார். “அது தோணலையே ஐயா...” என்றார். பிறகு, “இனிமே தோணும்” என்றார்.

அவருக்கு மேலே இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை உண்டு. கேட்டு வருகிற காவலாளியை ‘உன் வேலையைப் பார்’ என்று விரட்டாதீர்கள். காவலரின் பிழையைத் தம் பிழையாக ஏற்று, வாசல் வரை நடந்து வந்தாரே பெருமாள்!

அடுத்த முறை கோயிலுக்குப் போகும்போது, துவாரபாலகர் முன் ஒரு நிமிடம் நில்லுங்கள். நாம் ஒவ்வொருவரும் ஏதோ ஒரு வாசலில், யாருக்கோ காவலாக நிற்பவர்கள்தான். எச்சரிக்கும் கை நம் எல்லோருக்கும் இருக்கிறது. உள்ளே இருப்பவரின் பெருமையைச் சொல்லும் அந்த இன்னொரு கை?