தோல்விக்குப் பின் எழும் வெறுப்பு

2024ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் நாள் மாலை கோவண்டியில் நம்மவர் சிலர் கூடியிருந்தோம். மகாராட்டிர சட்டமன்றத்தின் 288 இடங்களுள் 230 இடங்களை ஆளுங்கூட்டணியே பெற்றதென்ற செய்தி எட்டிவிட்டது. அதற்கு ஆறு மாதம் நிறையுமுன்னர்தான், பாராளுமன்றத் தேர்தலில் 48இல் 30 இடங்களை எதிரணி பெறக் கண்டு, அரசியற் சட்டத்தைக் காக்க மக்கள் எழுந்துவிட்டனர் என மகிழ்ந்திருந்தோம். அதே மக்களைப் பற்றி அம்மாலை நம் வாயினின்று வந்த சொல் எது? “1500 ரூபாய்க்கு வாக்கை விற்றுவிட்டார்கள்” என்பதே. 2026 ஜனவரியில் மும்பை மாநகராட்சித் தேர்தல் முடிவு வந்தபோதும் அதனையே திருப்பிச் சொன்னோம்.

துயருறுவது குற்றமன்று. தாராவியில் ‘தகுதியற்றோர்’ என ஒதுக்கப்படும் நம் உறவினரைத் தேவனார்க் குப்பைமேட்டு நிலத்தில் குடியேற்றும் திட்டம் அத்தேர்தலுக்குச் சற்று முன்னரே வந்தது. அதனை எதிர்த்த அணி தோற்றபோது நெஞ்சம் வாடாதோ? வாடத்தான் செய்யும். ஆனால் வாட்டம் வேறு, அயலாரை இகழ்தல் வேறு. இவ்விகழ்ச்சி தம்மத்திற்கு இசையுமா என்பதே நம் வினா.

அந்த 1500 ரூபாய், 2024 ஜூலையில் தொடங்கிய திட்டத்தின்படி ஏழைப் பெண்டிரின் வங்கிக் கணக்கில் மாதந்தோறும் இடப்பட்ட பணம். தேர்தலை நோக்கிய கணக்கு அதிலே உண்டென்பதை மறைக்க வேண்டுவதில்லை. ஆயினும் கொடுப்பவரின் கணக்கைப் பெறுபவள் தலையிற் சுமத்துவது எந்த நீதி? குப்பைமேட்டுப் புகையைச் சுவாசித்து, குடிநீரையும் விலைக்கு வாங்கி, செம்பூரில் நான்கு வீடுகளிற் பாத்திரம் துலக்கும் தாய்க்கு, தன் பெயரிலேயே வந்த முதற்பணம் அதுவாயிருக்கலாம். அதனை இலஞ்சமென எளிதிற் சொல்வோர் யார்? மாதச் சம்பளம் வாங்கும் நாமே. நம் பாட்டன்மார் திருநெல்வேலியிலிருந்து வந்து தாராவியில் தோல் பதனிட்ட நாளில், சோற்றுக்கு விலைபோகிறவர்கள் என்று அவர்களையும் பிறர் ஏசினர். நாம் பௌத்தம் தழுவியபோதும் அவ்வசையே வந்தது. அதே தராசை இன்று நாம் கையிலேந்தி நிற்கிறோம்!

1952 ஜனவரியில் அண்ணல் அம்பேத்கரே இம்மாநகரில், பம்பாய் வடக்குத் தொகுதியில், காங்கிரஸ் வேட்பாளர் கஜ்ரோல்கரிடம் ஏறத்தாழ 14,500 வாக்குகளில் தோற்றார். அஃது இரட்டை உறுப்பினர் தொகுதி. பல்லாயிரம் வாக்குச்சீட்டுகள் செல்லாதனவாயின. அண்ணல் வாளாவிருக்கவில்லை, சோஷலிஸ்டுத் தலைவர் அசோக் மேத்தாவுடன் சேர்ந்து தேர்தலை எதிர்த்து மனுச் செய்தார். முறையில் பிழை கண்டால் வழக்காடுவது குடிமகனின் உரிமை. நாமும் அவ்வாறே செய்யலாம். 1954இல் பண்டாராவில் நின்றார், அங்கும் தோல்வி. இரண்டாண்டு கழித்து, 1956 அக்டோபர் 14இல், அதே பண்டாராவுக்கு அண்மையிலுள்ள நாகபுரியில் இலட்சக்கணக்கான மக்கள் முன் நின்றார். அன்று அவர் வாக்குக் கேட்கவில்லை, தம்மத்தை வழங்கினார்.

கோசல மன்னன் பசேனதி அஜாதசத்துருவிடம் தோற்றோடி வந்த செய்தியைப் பிக்குகள் கூறியபோது, புத்தர் பெருமான் சிப்பாய்களையோ குடிகளையோ பழிக்கவில்லை. தோற்றவன் படும் துன்பத்தையும் வென்றவன் தேடிக்கொள்ளும் பகையையுமே சுட்டினார். அடுத்த போரில் அஜாதசத்துரு உயிரோடு பிடிபட்டான். பசேனதி அவன் படைகளைக் கைக்கொண்டு, உயிரை விட்டான். பகைவனுக்கே அவ்வளவு இடமுண்டு. நாமோ ஒரே குழாயில் நீர் பிடிக்கும் அண்டை வீட்டாருக்கு அதுவும் தரவில்லை.

அம்மாலைக் கூட்டத்தில், ஞாயிறுதோறும் வந்தனைக்கு வரும் அம்மையார் ஒருவரும் இருந்தார். நம் பேச்சை நெடுநேரம் கேட்டிருந்து, “அண்ணா, அந்தப் பணம் எனக்கும் வருகிறது. நீங்கள் சொன்ன சின்னத்துக்குத்தான் போட்டேன். என்னையும் சேர்த்தா சொல்கிறீர்கள்?” என்றார். ஒருவரும் மறுமொழி கூறவில்லை. வாக்கெடுப்புக்குப் பத்து நாள் முன்னர்த் துண்டறிக்கையோடு அவர் சந்துக்குச் சென்ற நாம், அதற்குமுன் என்று சென்றோம் என எண்ணிப் பார்த்தோம், நினைவுக்கு வரவில்லை.

அடுத்த இரு ஞாயிறும் அவர் வந்தனைக்கு வரவில்லை. மூன்றாம் வாரம் நாமே அவர் இல்லம் சென்று, சொன்ன சொல்லுக்காக மன்னிப்புக் கேட்டோம்.