மூன்றுக்கு மேல் எண்ணாதவர்கள்

1850-இல் ஃபிரான்சிஸ் கால்ட்டன் என்ற ஆங்கிலேயர் இன்றைய நமீபியாவுக்குப் போய் இறங்கினார். வழியில் ஹெரேரோ மக்களிடம் செம்மறியாடு வாங்கினார். ஆட்டுக்கு இரண்டு புகையிலைக் குச்சி விலை. இரண்டு ஆட்டுக்கு நான்கு குச்சியை மொத்தமாக நீட்டினால் விற்பவர் குழம்பினாராம். ஒவ்வோர் ஆட்டுக்கும் தனித்தனியாகக் கணக்கு முடிக்க வேண்டியிருந்ததாம். மொழியில் என்ன சொற்கள் இருந்தாலும், புழக்கத்தில் இவர்கள் மூன்றைத் தாண்டுவதில்லை என்று 1853-இல் நூலில் எழுதினார். தம் நாயோடும் அவர்களை ஒப்பிட்டு, நாயே தேவலாம் என்று கிண்டலடித்தார்.

"மொழியில் என்ன இருந்தாலும்" என்பதைக் கவனியுங்கள். ஹெரேரோவில் நான்குக்கும் ஐந்துக்கும் சொல் உண்டு, ஆறு, ஏழு, எட்டுக்கான சொற்களுக்குள் ஒன்று, இரண்டு, மூன்று உட்கார்ந்திருக்கும், பத்து 'ஒமுரோங்கோ'. எண்ணப்படுவது மனிதரா மாடா என்பதைப் பொறுத்து எண்ணுச்சொல்லின் உருவமும் மாறும். 'இரண்டு மாடு' என்றும் 'இருவர்' என்றும் பேசுகிற நமக்கு இதில் என்ன வியப்பு?

சரி, ஆட்டுக்காரர் செய்ததுதான் என்ன குற்றம்? முன்பின் தெரியாத ஆள், கையில் துப்பாக்கி. ஒன்றைக் கொடுத்து விலையை வாங்கிக்கொண்ட பிறகே அடுத்ததை அவிழ்ப்பது மடமையா, விவரமா? அவருக்கு ஓர் ஆடும் இன்னோர் ஆடும் ஒன்றல்ல என்று எண்ணிப் பார்த்தோமா?

மறுப்புக்கான சான்றும் கால்ட்டன் நூலிலேயே இருக்கிறது. மந்தையில் ஒரு மாடு குறைந்தால் இவர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள்; எண்ணியல்ல, தெரிந்த முகம் ஒன்றைக் காணாமல். எழுதியவரும் அவரே, அதை அறிவென்று ஒப்புக்கொள்ளாதவரும் அவரே. பிறப்பை வைத்து மனிதரைத் தரம் பிரிக்கும் இனமேம்பாட்டியலுக்கு 1883-இல் பெயர் வைத்தவரும் அவரே.

1904-இல், ஜெர்மன் ஆட்சியில் இருந்த அதே மண்ணில், ஜெர்மன் தளபதி லோத்தர் ஃபொன் ட்ரோத்தா, ஹெரேரோக்களை அழிக்க ஆணையிட்டார். ஹெரேரோ, நாமா மக்களின் மண்டையோடுகள் 'ஆராய்ச்சி'க்காக ஜெர்மனிக்குக் கப்பலேறின. அவற்றில் 20 மண்டையோடுகளை 2011-இல் பெர்லினில் நமீபியாவிடம் ஒப்படைத்தார்கள்.

எண்ணிக்கையில் பிசகில்லை. முகம் யாருடையது என்றுதான் சொல்ல முடியவில்லை. எண்ணத் தெரியாதவர் யார் என்று இப்போது நீங்களே சொல்லுங்கள்.