கலைஞன் தந்த வாக்கு யாது?

அந்தியூரில் தேநீர்க்கடை ஒன்றில் அமர்ந்திருந்தோம். 1992இல் வெளிவந்த ‘ரோஜா’ படப் பாடல் ஒலித்தது. அருகிலிருந்த நண்பர் பெருமூச்செறிந்தார். “அந்த ஏ.ஆர். ரஹ்மான் எங்கே போனார் பாய்? இப்போதைய பாட்டில் அவரைக் காணோமே!”

நாம் புன்னகைத்தோம். அதே ‘ரோஜா’ வந்த நாளில், இளையராஜாவின் இசையில் ஊறியிருந்த சிலர், “இது எந்திரத்தின் ஓசை” என்று முகம் சுளித்ததை நாம் அறிவோம். அன்று புதுமைக்காக வாதாடிய இளைஞர்களே இன்று பழமைக்குக் காவல் நிற்கின்றனர்!

இக்குணம் எங்கும் உண்டு. மின்கித்தார் முழங்கும் ‘மெட்டல்’ இசையில் புகழ்பெற்ற அமெரிக்கக் குழு மெட்டாலிக்கா. 1983இல் புயல் வேகத்தில் அதன் முதல் இசைத்தட்டு வந்தது. 1991இல் வேகம் தணித்து, பாடல்களை எளிமையாக்கி மற்றொன்றைத் தந்தது. அது கோடிக்கணக்கில் விற்றது. தொடக்ககால ரசிகர் பலரோ, “விலைபோய்விட்டார்கள்” என வெகுண்டனர்.

இச்சினத்தை நாம் இகழவில்லை. ஒரு பாட்டோடு நம் இளமையும், மணநாளும், மறைந்த தாயின் நினைவும் ஒட்டியிருக்கின்றன. பாடகன் மாறினால் அவையும் களவுபோனதாக நெஞ்சு பதறுகிறது. ஆனால் பழைய பாட்டு எங்கும் போய்விடவில்லையே! தேநீர்க்கடையில் அது ஒலித்துக்கொண்டுதானே இருக்கிறது?

அப்படியாயின் கலைஞனைக் கேள்வி கேட்க நமக்கு உரிமையே இல்லையா? உண்டு. நமக்கு அண்மையிலுள்ள பவானியின் ஜமக்காளத்தை எண்ணிப் பாருங்கள். நெசவாளர் பட்டைகளின் நிறத்தை மாற்றினால், பிடிக்காதவர் வாங்காமல் திரும்பலாம். அவரைத் துரோகி என்று ஏசுவது முறையாகாது. மட்டமான நூலைக் கொண்டு நெய்து பழைய பெயரில் விற்றால், அது வஞ்சகம், தட்டிக் கேட்கலாம். நிறம் அவர் விருப்பம். நூலின் உறுதியே அவர் நமக்குத் தந்த வாக்கு.

கலைஞனும் ‘என்றும் ஒரே விதமாகப் பாடுவேன்’ என்று எவருக்கும் வாக்களிக்கவில்லை. உழைப்பில் குறை வைக்கலாகாது என்பதே அவன் கடன். பாட்டில் குறை கண்டால் தாராளமாகச் சொல்வோம். ‘பணத்துக்காக மாறினான்’ என்பதோ அவன் நிய்யத்தின்மீது கூறும் தீர்ப்பு. அவன் நெஞ்சைப் பிளந்து பார்த்தவர் நம்மில் யார்?

நண்பரிடம் இதையே சொன்னோம். புதிய பாட்டை இருமுறை பொறுமையாகக் கேட்போம். அதன்பின்னும் மனம் ஒட்டவில்லையெனில், பழைய பாட்டுக்கு நன்றி கூறி அமைவோம். நேசித்தவர்க்கு அதுவே அழகு.